அடைக்கலக்குருவிக்கு ஓர் ஓட்டை

காகம், மைனா, புலுனி, செண்பகம் என எங்கள் தெருக்களிலும் வளவுகளிலும் அன்றாடம் காணும் பறவைகள் பல. அவற்றுள் மனிதரை மிக அதிகமாகச் சார்ந்து வாழ்வது சிட்டுக்குருவி. ஊர்க்குருவி, அடைக்கலக்குருவி என்று அதற்கு வழங்கும் பெயர்களே இதைச் சொல்லும்.

அடர்ந்த காட்டில் இக்குருவியைக் காண முடியாது. மனிதர் நிரந்தரமாக விட்டகன்ற குடியிருப்புகளிலும் அது நிலைப்பதில்லை. புடைக்கும்போது சிந்தும் நெல், முற்றத்தில் விழும் குறுணி, கடை வாசல் தானியம் ஆகியவையே அதன் இரை. 1990இல் வலிகாமம் வடக்கு, 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண நகர், 2009இல் வன்னி என எங்கள் ஊர்கள் வெறுமையாகின. உலை வைக்காத ஊரில் ஊர்க்குருவிக்கும் இரையில்லை.

சனங்கள் திரும்பிய பின்னரும் பல இடங்களில் குருவியைக் காணவில்லையே என்று கேட்கிறார்கள். கைத்தொலைபேசிக் கோபுரங்களே காரணம் என்ற பேச்சு பரவலாக உண்டு. ஆனால் அது விஞ்ஞானரீதியாக நிறுவப்படவில்லை. கண்முன்னே தெரியும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, வீடு. பழைய ஓட்டு வீடுகளில் சுவருக்கும் வளைக்கும் இடையிலும், முகட்டு ஓட்டின் கீழும் இடுக்குகள் இருந்தன. வைக்கோல், தும்பு, இறகு கொண்டு குருவி அங்கே கூடு கட்டியது. இடைவெளியின்றிப் பூசி, சீலிங் அடித்த புதிய வீடுகளில் அந்த இடுக்கு இல்லை.

இரண்டாவது, குஞ்சுகளின் உணவு. பெரிய குருவி தானியம் தின்னும். பொரித்த குஞ்சுக்கோ முதல் நாட்களில் புழுவும் சிறு பூச்சியும் வேண்டும். கூட்டிலிருக்கும் ஏறத்தாழ இரண்டு வாரமும் தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொண்டுவரும். தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி அடிக்கும் மருந்து, பயிரின் பூச்சியோடு குஞ்சின் உணவையும் அழிக்கிறது.

செய்யக்கூடியது அதிகச் செலவில்லாதது. முன்பு விறாந்தையில் முட்டி கட்டித் தொங்கவிட்டதுபோல, பலகைப் பெட்டி ஒன்றைச் சுவரில் பொருத்தலாம். வாசல் ஒன்றேகால் அங்குல அகலம் போதும். அதனூடாக மைனா நுழையாது. எட்டு, பத்து அடி உயரத்தில், கடும் வெயில் படாமல், பூனைக்கு எட்டாமல் இருக்கட்டும். மின்விசிறிக்கு அருகில் வேண்டாம். குருவிகள் கூட்டமாக வாழ்பவை என்பதால் இரண்டு மூன்று பெட்டிகள் வைப்பது நல்லது. சிரட்டையில் தண்ணீரும் வையுங்கள்.

வீட்டுத்திட்ட வீடுகள் இன்னும் கட்டப்படுகின்றன. சுவர் பூசி முடிப்பதற்கு முன் கூரையோரம் ஓர் ஓட்டை விடும்படி மேசனிடம் சொன்னால், பெட்டியும் தேவையில்லை.