வரப்போரத்து விஷப்பூண்டும் தோலின் ஞாபகமும்

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாக மாலூர் போகும் சாலையின் இருபுறமும் பசுமைக்குடில்கள். உள்ளே ரோஜா, ஜெர்பெரா. வெளியே திறந்த நிலத்தில் சாமந்தி, முட்டைக்கோஸ், தக்காளி, ராகி. காதலர் தினம் நெருங்கினால் இந்தப் பக்கத்து ரோஜாக்களைப் பற்றி ஆண்டுதோறும் செய்தி வருகிறது. அதே மண்ணில் வரப்பிலும், சாலையோரத்திலும், பிளாட் போட்டு விற்காமல் கிடக்கும் மனைகளிலும் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது இன்னொரு செடி. கேரட் இலை போன்ற இலை, கொத்துக்கொத்தாகச் சின்ன வெள்ளைப் பூ. விஷப்பூண்டு என்று ஊரில் சொல்லும் பார்த்தீனியம்.

இதனால் வரும் தோல் நோயை நேரில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. வயலிலேயே காலம் கழித்த, நடுவயது தாண்டிய ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. முதலில் இமை வீங்கும். பிறகு காதுக்குப் பின்புறம், கழுத்து, சட்டைப் பட்டன் திறந்திருக்கும் நெஞ்சுப் பகுதி, முழங்கை மடிப்பு என்று சிவந்து, நீர் கசிந்து, அரிக்கும். சொறியச் சொறியத் தோல் தடித்துக் கறுத்துப்போகும். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் நெற்றியில் வரிவரியாகத் தடிப்பு விழுந்து முகமே மாறிவிடும். ராத்திரித் தூக்கம் போய்விடும். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் பெரும்பாலானவர்கள் முதலில் நினைப்பார்கள். ஆனால் வெயிலால் வரும் தடிப்பு மேல் இமையையும், காதின் பின்புறத்தையும், தாடைக்குக் கீழே நிழல் விழும் இடத்தையும் பெரும்பாலும் தொடாது. பார்த்தீனியம் காய்ந்து பொடியாகிக் காற்றில் வருவதால் அந்த மடிப்புகளிலும் போய்ப் படிந்துவிடும். அனுபவமுள்ள தோல் மருத்துவர் முகத்தைத் திருப்பி முதலில் பார்ப்பது காதின் பின்புறத்தைத்தான்.

மெக்சிகோ பக்கத்துச் செடி இது. 1955-ல் புனே அருகே கண்ணில் பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் தக்காணம் முழுக்கப் பரவி, தோல் நோயாளிகளை மருத்துவமனைகளுக்கு அனுப்ப ஆரம்பித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடக அரசு 1975-லேயே இதைத் தீங்கான களையாக அறிவித்தது. 1984-ல் பெங்களூரில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இதன் இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டு செடியை மொட்டையாக்கும். ஈரம் போனதும் மண்ணுக்குள் புகுந்துகொள்ளும். ஆயிரக்கணக்கில் விதை போடும் களைக்கு அந்த இடைவெளியே போதும்.

நோய் வந்தவர்களிடம் கேட்டால் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, “ரத்தம் கெட்டுப்போச்சுங்க.” இன்னொன்று, “எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சுங்க.” இரண்டுமே தவறு. இரண்டாவது தவறு கூடுதல் ஆபத்தானது. சத்து டானிக், லேகியம், சக்தி கூட்டும் பொடி என்று காசைக் கரைக்க வைப்பது இந்த நினைப்புதான். இங்கே எதிர்ப்புச் சக்தி குறையவில்லை. எதிரி இல்லாத இடத்தில் அது போர் தொடுத்திருக்கிறது.

செடியின் மேல் இருக்கும் நுண்ணிய முடிகளில் பார்த்தெனின் என்ற பொருள் இருக்கிறது. அது மிகச் சிறிய மூலக்கூறு, தனியாக வந்தால் நோயெதிர்ப்பு அணுக்கள் பொருட்படுத்துவதில்லை. தோலில் பட்டதும் அங்கிருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நம் சொந்தப் புரதம் அப்போது அந்நியமாகத் தெரிகிறது. தோலில் காவல் இருக்கும் லாங்கர்ஹான்ஸ் அணுக்கள் அதை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய் டி அணுக்களிடம் காட்டுகின்றன. டி அணுக்களில் ஒரு பகுதி அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. பத்து வருடம் இந்தச் செடியை வெறுங்கையால் பிடுங்கியவருக்கு ஒன்றும் ஆகாமல், பதினோராவது வருடம் திடீரென்று முகம் வீங்குவது இதனால்தான். அந்த ஞாபகம் ஒருமுறை பதிந்துவிட்டால் எளிதில் அழியாது. தொட்ட உடனே அரிப்பதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்தே கிளம்புகிறது. எதனால் வந்தது என்று பிடிபடாமல் போவதற்கு இந்தத் தாமதமே காரணம். சித்தாள், கொத்தனார்களுக்குச் சிமெண்டில் உள்ள குரோமியத்தால் கையில் வரும் புண்ணும், கவரிங் கம்மலின் நிக்கலால் காதில் வரும் புண்ணும் இதே வழியில் வருபவைதான்.

கண்டுபிடிக்க ஒட்டுச் சோதனை உண்டு. சந்தேகப்படும் பொருட்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அதன்பின் ஒன்றிரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். இந்தியாவில் பயன்படும் நிலையான தொகுப்பில் பார்த்தீனியமும் இருக்கிறது. பாகலூர்க்காரர்கள் இந்தச் சோதனையை அவசியம் கேட்டு வாங்க வேண்டும், காரணம் இருக்கிறது. சாமந்தி, செண்டுமல்லி, ஜெர்பெரா, சூரியகாந்தி எல்லாம் பார்த்தீனியத்தின் குடும்பத்துச் செடிகள். களைக்கு எதிராகப் பழகிய டி அணுக்கள் சிலருக்குச் சாமந்தியையும் விடுவதில்லை. அப்படியானவர் சாமந்தித் தோட்டத்தை விட்டு ரோஜாக் குடிலுக்கு வேலை மாறுவது ஒரு மருந்துக்குச் சமம். ரோஜா வேறு குடும்பம்.

சிகிச்சை என்பது இந்தப் போரை அடக்குவது. இங்கேதான் பெரிய கேடு நடக்கிறது. மருந்துக் கடையில் “அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட் கொடுங்க” என்று கேட்டால், வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சைக் கொல்லியும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கும். அந்தச் சுகத்தில் மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, பரு கிளம்பும். அடிப்படையில் படர்தாமரை இருந்தால் அது உருமாறிப் பரவும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டுக்குக் கட்டுப்பட்ட பட்டியலில் சேர்த்தது. அது கடை மேசை வரைக்கும் வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆற்றாத கோபம்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. எந்த இடத்துக்கு எந்த வீரியம், எத்தனை நாள் என்று அளந்து கொடுத்தால் கைகண்ட மருந்து. முகத்துக்கும் இமைக்கும் டி அணுக்களை நேரடியாக அடக்கும் டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது, அதில் தோல் மெலிவதில்லை. நோய் விடாப்பிடியாக இருந்தால் அசாத்தியோபிரின் மாத்திரை. டெல்லி எய்ம்ஸ் தோல் மருத்துவர்கள் பார்த்தீனிய நோயாளிகளுக்குக் கொடுத்து அதன் பலனைப் பதிவு செய்திருக்கிறார்கள். வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். ரத்த அணுக்களையும் கல்லீரலையும் விடாமல் பரிசோதித்துவர வேண்டும்.

தலைமுடியில் இதே கதை வேறு வடிவில் நடக்கிறது. புழுவெட்டு என்று ஊரில் சொல்வது, எட்டணா அளவுக்கு வட்டமாக முடி கொட்டி வழவழவென்று ஆகும் நோய். எந்தப் புழுவும் அங்கே இல்லை. டி அணுக்கள் முடியின் வேர்க்குமிழைச் சூழ்ந்து தாக்குகின்றன. வேர் சாகாததால் திரும்ப முளைக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. சின்ன வட்டமாக இருந்தால் பலருக்குத் தானாகவே சரியாகும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு 1983 முதல் ஒரு வியப்பான சிகிச்சை இருக்கிறது. டைஃபென்சிப்ரோன் என்ற ரசாயனத்தைத் தலையில் தடவி, வேண்டுமென்றே ஒவ்வாமையை உண்டாக்குகிறார்கள். பார்த்தீனியம் உண்டாக்கும் அதே வகை ஒவ்வாமை. பிறகு வாரம் ஒருமுறை மிக நீர்த்த கரைசலைத் தடவி, லேசான அரிப்பைத் தக்கவைக்கிறார்கள். நோயெதிர்ப்பின் கவனம் முடிவேரிலிருந்து அந்த ஒவ்வாமையின் பக்கம் திரும்புவதாகக் கருதுகிறார்கள். பலருக்கு முடி முளைக்கிறது. ஒருவர் முகத்தைக் கெடுத்த அதே செயல்பாடு, அளந்து கொடுத்தால் இன்னொருவர் தலைக்கு மருந்தாகிறது.

மாத்திரையும் வந்துவிட்டது. 2022-ல் அமெரிக்கா தீவிரப் புழுவெட்டுக்கு பாரிசிட்டினிபை அனுமதித்தது. டி அணுக்களுக்குப் போகும் கட்டளையை அணுவுக்குள்ளேயே மறிக்கும் மருந்து அது. நமக்குப் பக்கத்திலேயே, ஓசூர் சாலையில் இருக்கும் பெங்களூரு பயோகான் நிறுவனம் 2013-ல் சொரியாசிஸுக்கு ஐட்டோலிசுமாப் என்ற ஊசி மருந்தைக் கொண்டுவந்தது. அதன் குறியும் டி அணுதான். இவ்வகை மருந்துகள் பொதுவான தடுப்பாற்றலையும் தளர்த்தலாம் என்பதால், தொடங்குமுன் உறங்கிக்கிடக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும், நம் நாட்டில் இது வெறும் சடங்கல்ல. புழுவெட்டுக்கான மாத்திரையை நிறுத்தினால் பலருக்கு முடி மறுபடி கொட்டுகிறது. எத்தனை மாதம், என்ன செலவு, நிறுத்தினால் என்ன ஆகும் என்ற மூன்றையும் முதல் சீட்டு எழுதும்போதே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.