டிராக்டருக்கும் ஓப்பன் சோர்ஸ்! தன்னார்வலராகச் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

லினக்ஸ் தெரியும், விக்கிப்பீடியா தெரியும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதைத் திரும்பப் பகிரலாம். இதே விதியை டிராக்டருக்கும் செங்கல் மெஷினுக்கும் போட்டால் எப்படி இருக்கும்?

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், மேஸ்வில் என்ற சிற்றூர் அருகே உள்ள ஒரு பண்ணையில் பல வருஷங்களாக நடப்பது இந்தப் பரிசோதனைதான். திட்டத்தின் பெயர் ஓப்பன் சோர்ஸ் ஈகாலஜி. இது இவ்வளவு தூரம் வந்ததில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. அப்படி ஒரு திட்டத்துக்கு நேரம் கொடுக்க நினைப்பவர்கள் முதலில் என்ன பார்க்க வேண்டும்?

யார் ஆரம்பிச்சது?

மார்சின் ஜக்குபோவ்ஸ்கி. போலந்தில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். அணுக்கரு இணைவு ஆற்றலில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால், கையால் செய்யக்கூடிய ஒரு வேலையும் தனக்குத் தெரியவில்லை என்று உணர்ந்து விவசாயத்தில் இறங்கினார்.

டிராக்டர் வாங்கினார். அது பழுதானது. காசு கொடுத்துச் சரிசெய்தார். மறுபடியும் பழுது. கொஞ்ச நாளில் கையிருப்பும் காலி. குறைந்த விலையில், நீடித்து உழைக்கிற, தானே கழற்றி மாட்டக்கூடிய கருவி தேவை என்று முடிவு செய்து, அவரே வடிவமைத்தார். வரைபடங்களை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார். 2011-ல் அவர் பேசிய டெட் உரைதான் இந்த முயற்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோனது.

என்னென்ன மெஷின்கள்?

மொத்தம் 50. டிராக்டர், புல்டோசர், ரொட்டி அடுப்பு, காற்றாலை, மரம் அறுக்கும் இயந்திரம், 3டி பிரின்டர், மண்ணை அழுத்திக் கல் செய்யும் பிரஸ் என்று பட்டியல் நீளும். ஒரு சின்னச் சமூகம் தன் அடிப்படைத் தேவைகளைத் தானே பார்த்துக்கொள்ள இவை போதும் என்பது கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, பாகங்களைப் பொதுவாக வைத்திருக்கும் முறை. 'பவர் கியூப்' என்பது இன்ஜினும் ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்த ஒரு பெட்டி. அதை டிராக்டரிலும் மாட்டலாம், கழற்றி செங்கல் பிரஸ்ஸிலும் மாட்டலாம். குழந்தைகள் விளையாடும் லெகோ மாதிரி, ஆள் உயரத்தில். ஒரே நாளில் காலடி மண்ணிலிருந்து 5,000 கற்கள் அழுத்தியதாகவும், 6 நாளில் ஒரு டிராக்டர் கட்டியதாகவும் டெட் மேடையில் ஜக்குபோவ்ஸ்கி சொன்னார்.

ரிப்பேர் பண்ண ஏன் இவ்வளவு பாடு?

இன்றைய டிராக்டர்களில் சாஃப்ட்வேரும் உண்டு. பிழை என்னவென்று பார்க்கும் கருவியும் அனுமதியும் கம்பெனியின் டீலரிடம் இருந்தால், அறுவடை நேரத்தில் விவசாயி காத்திருக்கத்தான் வேண்டும். இதை எதிர்த்து அமெரிக்க விவசாயிகள் நீண்ட காலம் போராடினார்கள். 2023-ல் கொலராடோ மாநிலம் விவசாய இயந்திரங்களுக்கான 'பழுதுநீக்கும் உரிமை' சட்டத்தை நிறைவேற்றியது. அது 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வரைபடமே திறந்திருந்தால் இந்தப் பிரச்சினை ஆரம்பத்திலேயே இருக்காது என்பது ஓப்பன் சோர்ஸ் தரப்பின் வாதம்.

அப்புறம் ஏன் இன்னும் முடியல?

2011-ல் 50-ல் 8 மெஷின்களுக்கு மாதிரி தயாராகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் 50-ம் முடிந்தபாடில்லை. காரணம் எளிது. சாஃப்ட்வேரில் தப்பு வந்தால் திருத்தி மறுபடி ஓடவிடலாம், செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். இங்கே ஒவ்வொரு சோதனைக்கும் இரும்பு வாங்கணும், வெல்டிங் பண்ணணும், ஹோஸ் பைப் மாட்டணும். ஒரு அளவு தப்பினால் அந்த இரும்பு வீண்.

இன்னொரு காரணம், ஆவணம். ஒருவர் மூன்று மாதம் தங்கி ஒரு பாகத்தைச் செம்மைப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தடிமன் தகடு, எந்த போல்ட், எந்த வரிசையில் மாட்டினார் என்று எழுதாமல் கிளம்பிவிட்டால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மெஷின் அங்கே நிற்கும். ஆனால், வேறு ஊரில் யாராலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. அப்போது அது ஓப்பன் சோர்ஸ் என்பதற்கே அர்த்தமில்லை.

அதனால்தான் இந்த மாதிரித் திட்டங்களில், நன்றாக வெல்டிங் தெரிந்தவருக்கு இணையாக, நன்றாக எழுதி வைக்கத் தெரிந்தவரும் தேவைப்படுகிறார்.

இங்கிருந்தே உதவ முடியுமா?

முடியும். வடிவமைப்புக்கு இவர்கள் பயன்படுத்துவது ஃப்ரீகேட் என்ற இலவச மென்பொருள். வரைபடத்தைச் சரிபார்ப்பது, பொருள் பட்டியலில் விட்டுப்போனதைச் சேர்ப்பது, வீடியோவைப் பார்த்துப் படிப்படியான செய்முறை எழுதுவது எல்லாம் லேப்டாப்பில் முடியும். வார இறுதியில் சில மணி நேரம் ஒதுக்கும் மெக்கானிக்கல் இன்ஜினீயருக்கு இது பொருத்தமான வேலை.

நேரில் போகிறவர்கள் விசாவைக் கவனிக்க வேண்டும். சம்பளம் இல்லாத வேலைதானே என்று டூரிஸ்ட் விசாவில் போய் உழைப்பது சிக்கலில் முடியலாம். எந்த வகை விசா பொருந்தும் என்று தூதரக விதிகளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுவது நல்லது.

சேரும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. என் வேலை என்ன, எப்போது முடியும்? 'வந்து பாருங்க, நிறைய வேலை இருக்கு' என்பது பதில் ஆகாது.

2. தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு? பயிற்சிக்குக் கட்டணம் உண்டா?

3. வெல்டிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? அமெரிக்காவில் இன்சூரன்ஸ் இல்லாமல் மருத்துவமனை வாசலை மிதிப்பது பெரிய செலவு.

4. நான் செய்தது எந்த உரிமத்தில் வெளியாகும்? ஓப்பன் சோர்ஸ் ஈகாலஜியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். உங்கள் இலவச உழைப்பில் இன்னொருவர் சம்பாதிக்கலாம் என்பது புரிந்தே சேர வேண்டும்.

5. முடிவு எடுப்பது யார்? குறியீடு திறந்திருந்தாலும் நிர்வாகம் ஒரே ஆள் கையில் இருக்கலாம். கருத்து வேறுபாடு வந்தால் என்ன வழி என்று முன்பே கேட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

தற்சார்புன்னா தனியா வாழறதா?

இல்லை. இந்தப் பண்ணையிலும் இன்ஜின், பம்ப், இரும்பு எல்லாம் வெளியிலிருந்து வாங்கியதுதான். பழைய இரும்பை உருக்கும் உலையும் தகடு உருட்டும் இயந்திரமும் 50 மெஷின் பட்டியலில் உண்டு என்றாலும், அந்த இடத்தை அடைய இன்னும் தூரம் இருக்கிறது. இங்கே தற்சார்பு என்பதன் பொருள், ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்ற அறிவு கம்பெனியின் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்காமல் பயன்படுத்துபவர் கையில் இருப்பது. தன்னார்வலர் எழுதி வைக்கும் ஒரு பக்கக் குறிப்பு செய்யும் வேலை இதுதான்.