நெருஞ்சில் கஷாயமும் ப்ராஸ்டேட்டும்

எங்க புதுச்சேரியில் அறுபதைத் தாண்டினவர் ராத்திரி நாலு தடவை எழுந்தா, முதல்ல கிடைக்கிற யோசனை நெருஞ்சில் கஷாயம். சித்த மருத்துவத்தில் அது சிறுநீர் பெருக்கி. ஆனா இங்கே சிறுநீர் குறையலையே! வீங்கின ப்ராஸ்டேட் குழாயை நெருக்குது. தண்ணி இருக்கு, வழிதான் இல்லை.

பிரான்ஸில் சா பால்மெட்டோ என்ற குட்டைப் பனையின் பழச்சத்தை இதுக்கு மருந்தாவே தர்றாங்க. அமெரிக்காவில் 2006-ல் 225 பேரை வச்சு ஒரு வருஷம் சோதிச்சாங்க. வெற்று மாத்திரையைவிட மேலா ஒண்ணுமில்லை. 2011-ல் 369 பேர், மூணு மடங்கு டோஸ் வரை, அதே கதை. இதில் வெற்று மாத்திரைக்காரர்களுக்கும் தொந்தரவு கொஞ்சம் குறைஞ்சதுதான் எனக்குச் சுவாரசியம். "எனக்குக் கேட்டுச்சு" என்பவர் பொய் சொல்லலை.

கஷாயத்தை நம்பி நாளைக் கடத்தினா, தேங்கின சிறுநீர் கிட்னியைச் சத்தமில்லாம கெடுக்கலாம். சுத்தமா அடைச்சுக்கிட்டாலோ ரத்தம் வந்தாலோ அன்னைக்கே ஜிப்மருக்குக் கிளம்பிடணும்.