மேல்மாடிச் சவரில் தண்ணீர் நூலாக வருகிறதா?

மகளுக்கென மேல்மாடி கட்டிக் கொடுத்த வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, "ஹாஜியார், நல்ல பிரஷர் பம்ப் ஒன்று தாருங்கள்" என்றார். கீழ்மாடியில் தண்ணீர் தாராளமாக வருகிறதாம், மேலே சவரில் மட்டும் நூலாக இறங்குகிறதாம். பம்ப் விற்றால் எனக்கு இலாபம்தான். ஆனால் முன்னொரு முறை இப்படிக் கேட்டவருக்கு ஒன்றும் விசாரிக்காமல் விற்று, அது மூன்றாம் நாளே திரும்பி வந்த அனுபவம் எனக்குண்டு. அது தண்ணீர் ஓடுவதை உணர்ந்து தானாக இயங்கும் வகை. அந்த வீட்டுச் சவரிலோ பம்பை எழுப்பும் அளவுக்கே தண்ணீர் ஓடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

விடயம் இதுதான். தாங்கித் தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம் மட்டுமே. 33 அடி உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். கொங்கிறீட் தட்டின் மீது தாங்கியை அப்படியே வைத்தால் அதன் அடிக்கும் மேல்மாடிச் சவருக்கும் இடையே சுமார் 4 அடிதான் இருக்கும். அதாவது ஒரு பாரில் எட்டில் ஒரு பங்கு. கீழ்மாடிக்கு இன்னுமொரு 10 அடி சேர்வதால் அங்கே குறை தெரிவதில்லை. தாங்கி எவ்வளவு பெரிது என்பதற்கும் அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. 500 லீற்றரைக் கழற்றி 1000 லீற்றர் வைத்து ஏமாந்தவர்களும் உண்டு.

முதலில் சவர்த் தலையைக் கழற்றிவிட்டு 10 லீற்றர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு நிமிடமளவில் நிரம்பினால் கோளாறு தலையில்தான். புத்தளம், யாழ்ப்பாணம் போன்ற சுண்ணக்கல் பகுதிகளில் கிணற்றுத் தண்ணீர் அதன் துளைகளை அடைத்துவிடும். ஓர் இரவு விநாகிரியில் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். அகலமான மழைச் சவரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தால், அது தாங்கித் தண்ணீருக்கு ஏற்றதல்ல. கடையில் கேட்டுக் குறைந்த அழுத்தத்துக்கான தலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாளி நிரம்பத் தாமதமானால் குழாயைப் பார்க்க வேண்டும். நமது வாடிக்கையாளர் வீட்டில் தாங்கியிலிருந்து இறங்கியதே அரை அங்குலக் குழாய். அதிலிருந்துதான் கீழே குசினிக்கும் கிளை போயிருந்தது. குசினியில் பைப்பைத் திறந்தால் மேலே சவர் நின்றுவிடும். ஓரங்குலக் குழாயின் வாய் அரை அங்குலத்தைப் போல் நான்கு மடங்கு பெரிது. ஆகவே மேல்மாடிக் குளியலறைக்கென ஓரங்குலத்தில் தனி லைன் இறக்கி, கடைசித் துண்டை மட்டும் அரை அங்குலமாக்கச் சொன்னேன். எல்போக்களைக் குறைத்து, வழியில் முழுவாய் திறக்கும் போல் வால்வ் போட வேண்டும். குழாயை எங்காவது மேலே ஏற்றி இறக்கினால் அந்த மேட்டில் காற்று தங்கித் தண்ணீரை மறிக்கும்.

தாங்கியை உயர்த்துவதும் நல்லதே. ஆனால் 4 அடியை 8 அடியாக்கினால் தண்ணீர் இரு மடங்காகாது, ஏறக்குறைய 1.4 மடங்குதான். நிரம்பிய 1000 லீற்றர் தாங்கி ஒரு தொன் எடை. தட்டின் நடுவே செங்கல் அடுக்கி ஏற்றாமல், தூண், பீம் வரும் இடத்தில், விடயம் தெரிந்த ஒருவரைக் கேட்டே ஏற்றுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் போதாவிட்டால் பம்ப் வாங்கலாம். உயரமே இல்லாத வீட்டுக்கு, ஓட்டத்துக்குக் காத்திராமல் அழுத்தம் குறைந்ததும் இயங்கும் வகையைக் கேளுங்கள். அதைத் தாங்கிக்குப் பிறகுதான் பொருத்த வேண்டும். வீதிக் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் அயலவருக்குத் தண்ணீர் குறையும், வெடிப்புகள் வழியே அழுக்கும் உள்ளே வரும். நீர் வழங்கல் சபையும் அதை அனுமதிப்பதில்லை.

நமது வாடிக்கையாளர் அன்று பைப்பும் வால்வும் மட்டும் வாங்கிப் போனார். பம்ப் கேட்டு இன்னும் வரவில்லை.