பழவேற்காடு போய்வர 40 இட்லி

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். போய்வர 110. பெட்ரோல் குடிக்காத சைக்கிளுக்கு என்ன செலவு என்று கேட்பவர்களுக்காக இந்தக் கணக்கு.

சமதரையில் நிதானமாக மிதிக்கிறவருக்குக் கிலோமீட்டருக்கு 22 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,420. நடுத்தர இட்லி ஒன்றில் 60 கலோரி. ஆக 40 இட்லி. ஒன்று 10 ரூபாய் என்றால் 400 ரூபாய். சட்னி, சாம்பார் கடைக்காரர் புண்ணியம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் பைக்குக்கு 2.2 லிட்டர் போதும். லிட்டர் 101 ரூபாய் என்றாலும் 222 ரூபாய்தான். பைக் ஜெயித்துவிட்டது! கடலைமிட்டாயில் 100 கிராமுக்கு 500 கலோரி கிடைக்கும், அரைக் கிலோவில் காரியம் முடியும். முடிந்தால் தின்று பாருங்கள்.

கன்டெய்னர் லாரி வரிசையெல்லாம் எண்ணூரோடு சரி. மீஞ்சூர் தாண்டினால் நெல் வயல். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் உள்ள மாவட்டம் இது. அறுவடை நேரத்தில் பாதிச் சாலை நெற்களமாகிவிடும், மீதிப் பாதிதான் நமக்கு. அந்த 2,420 கலோரி 700 கிராம் அரிசியில் இருக்கிறது. நெல்லாகச் சொன்னால் ஒரு கிலோவும் கொஞ்சமும். 2025-26இல் தமிழக அரசின் கொள்முதல் விலை சாதாரண ரகத்துக்குக் குவிண்டால் 2,500 ரூபாய். அதாவது நம் பயணத்துக்கான நெல்லுக்கு விவசாயி கையில் 26 ரூபாய், ஓட்டலில் 400. நடுவே உளுந்து, கேஸ், கூலி, வாடகை உண்டுதான். அப்படியும் 15 மடங்கு. கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ மூட்டை 1,000 ரூபாய். அதை வைத்து 38 முறை பழவேற்காடு போய்வரலாம்.

பிரெவே என்ற நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம் கெடு. அந்த வேகத்தில் 110க்கு ஏழரை மணி. மணிக்கு 600 மில்லி குடித்தால் நாலரை லிட்டர் தண்ணீர். வழிக்குச் சற்றுத் தள்ளி, காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை 2010 முதல் இருக்கிறது. அந்தத் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரிலோ உப்பு ஏறிக் கிடக்கிறது. வீட்டிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது.

கோடையில் மதியம் திரும்பினால் தென்கிழக்குக் கடற்காற்று முகத்தில் அடிக்கும். 20 வேகத்தில் போகிறவருக்கு 15 வேகத்தில் எதிர்காற்று வந்தால் காற்றின் தடை மூன்று மடங்கு. விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு ராயபுரம் வந்துவிடலாம்.