கூச்ச சுபாவமுள்ள மீட்பு நாய்க்கு வீடு கிடைப்பது ஏன் கடினம்? தத்தெடுப்போர் அறிய வேண்டியவை

புதுடெல்லி: விலங்குகள் காப்பகத்துக்கு நாயைத் தத்தெடுக்க வருவோரின் கண்ணில் முதலில் படுவது, கம்பிக் கதவருகே ஓடிவந்து வாலை ஆட்டும் நாய்தான். கூண்டின் மூலையில், சுவரைப் பார்த்தபடி சுருண்டு கிடக்கும் சிறிய நாயைப் பெரும்பாலானோர் கடந்து சென்றுவிடுகின்றனர். அந்த நாய் நோயுற்றதாகவோ, முரட்டுத்தனம் கொண்டதாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. அது அஞ்சுகிறது, அவ்வளவுதான். ஆனால், அந்த அச்சமே அதற்கு வீடு கிடைக்கும் வாய்ப்பைக் குறைத்துவிடுகிறது. காப்பகத்தில் நாள்கள் கூடக் கூட அதன் அச்சமும் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம்.

பின்னணி என்ன?

நாட்டில் சுமார் 1.53 கோடி தெருநாய்கள் இருப்பதாக 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பு தெரிவிக்கிறது. தெருநாய் விவகாரத்தை உச்ச நீதிமன்றம் 2025-இல் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. டெல்லி மற்றும் அதைச் சுற்றியுள்ள தேசிய தலைநகர் பகுதியின் தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்ற வேண்டும் என அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரு நீதிபதிகள் அமர்வு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வு அதனை மாற்றியமைத்தது. ரேபிஸ் பாதித்த அல்லது ஆக்ரோஷமான நாய்களைத் தவிர மற்றவற்றை, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்தபின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று அந்த அமர்வு கூறியது.

அதே உத்தரவில் தத்தெடுப்புக்கும் வழி காட்டப்பட்டது. விருப்பமுள்ளோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். ஆனால் அந்த நாய் மீண்டும் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவரின் பொறுப்பு என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து மற்றும் ரயில் நிலையங்கள் உள்ளிட்ட வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும் என்று நவம்பர் 7-ஆம் தேதி மற்றோர் உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது. இதனால், காப்பகத்தில் இருக்கும் நாய்க்கு வீடு தேடும் பணி முன்பைவிட முக்கியத்துவம் பெற்றுள்ளது.

நாய் ஏன் ஒதுங்குகிறது?

நாய்க்குட்டி பிறந்த 3-ஆவது வாரம் முதல் சுமார் 12 முதல் 14 வாரங்கள் வரையிலான காலம், அதன் குணத்தை வடிவமைக்கும் காலமாகும். மனிதரின் கை, குரல், வீட்டு ஓசைகள் ஆகியவற்றை இக்காலத்தில் பழகாத குட்டி, வளர்ந்த பின் அவற்றைக் கண்டு அஞ்சக்கூடும். அடி, விரட்டல், விபத்து போன்ற அனுபவங்களும் காரணமாகலாம். எனினும், அஞ்சும் நாய்கள் அனைத்தும் கொடுமைக்கு ஆளானவை எனக் கருதுவது சரியல்ல. பிறவியிலேயே கூச்சம் மிகுந்த நாய்களும் உண்டு.

வாலைக் கால்களுக்கிடையே மடக்கிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கமின்றியே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது ஆகியவை அச்சத்தின் அடையாளங்கள். பல நாய்கள் ஓயாது குரைக்கும் காப்பகச் சூழலில் இவை தணிய வாய்ப்பு குறைவு. அங்கு காணப்படுவது நாயின் முழு இயல்பு அன்று என்பதைத் தத்தெடுக்க வருவோர் முதலில் உணர வேண்டும்.

இதனால்தான் இத்தகைய நாயைத் தன்னார்வலர் ஒருவரின் வீட்டில் சில வாரங்கள் தற்காலிகமாக வளர்க்கும் முறையை மீட்பு அமைப்புகள் பின்பற்றுகின்றன. நாய் எதற்கு அஞ்சுகிறது, எந்த உணவுக்கு அருகில் வருகிறது, குழந்தைகளிடமும் பிற நாய்களிடமும் எப்படி நடந்துகொள்கிறது என்பன அங்குதான் தெரியவரும். அந்தத் தகவல், நாயின் அழகிய புகைப்படத்தைவிடத் தத்தெடுப்போருக்குப் பயன்மிக்கது.

எத்தகைய வீடு பொருந்தும்?

கூச்ச நாய்க்குப் பெரிய வீடு தேவையில்லை; அமைதியான வீடு தேவை. விருந்தினர் வருகை குறைவாகவும், அன்றாட வழக்கம் சீராகவும் உள்ள இல்லம் ஏற்றது. பகலில் ஒருவராவது வீட்டில் இருப்பது நல்லது. நிதானமான குணம் கொண்ட மற்றொரு நாய் ஏற்கெனவே இருந்தால், அதைப் பார்த்துப் புதிய நாய் விரைவில் பழகுவதுண்டு.

நாய் சிறியது என்பதால் சிறு குழந்தைகளுக்கு விளையாட்டுத் துணையாகும் என்று நினைப்பது பொதுவான தவறு. சிறிய நாயை எளிதில் தூக்கிவிட முடியும் என்பதே அதன் அச்சத்துக்குக் காரணமாகிவிடும். தானாக வந்து தொடும்வரை காத்திருக்கும் பொறுமை உள்ள வயதினர் இருக்கும் வீடே பாதுகாப்பானது.

முதல் வாரங்கள் எப்படி இருக்கும்?

பழக 3 நாள், வழக்கம் புரிய 3 வாரம், வீட்டைத் தனதாக உணர 3 மாதம் என்ற கணக்கைக் காப்பகத்தினர் பொதுவாகக் கூறுவர். இது அனுபவ அடிப்படையிலான வழிகாட்டி மட்டுமே. மிகவும் அஞ்சும் நாய்க்கு இதைவிட அதிக காலம் ஆகலாம்.

தொடக்கத்தில் ஒரே அறையில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் படுக்கையும் தண்ணீரும் வைத்தால் போதுமானது. நாய் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. அதே அறையில் பக்கவாட்டாகத் திரும்பித் தரையில் அமர்ந்து, நேராக உற்றுப் பார்க்காமல், அவ்வப்போது சிறிது உணவை அதன் பக்கம் வைப்பது பலனளிக்கும். உறவினர்களை அழைத்துக் காட்டுவதையும், வந்த மறுநாளே குளிப்பாட்டுவதையும் தள்ளிப்போடுவது நல்லது. ஓரிரு நாள்களுக்குமேல் உணவைத் தொடாவிட்டால் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

மிகப் பெரிய அபாயம் எது?

தப்பி ஓடுவதே. புதிய வீட்டின் முகவரியும் மனிதர்களின் குரலும் நாயின் மனதில் பதியாத நிலையில், திறந்த கதவு வழியே ஓடும் நாய் திரும்பி வர வழி தெரியாது. அழைத்தாலும் அது வராது. துரத்தினால் மேலும் ஓடும். சிறிய நாய்க்குச் சாலை வாகனங்களும், தங்கள் எல்லையைக் காக்கும் தெருநாய்களும் உயிருக்கே ஆபத்தாகலாம்.

எனவே, கழுத்துப்பட்டையை மட்டும் நம்பாமல், ஹார்னெஸ் எனப்படும் மார்புப் பட்டையையும் அணிவித்து, இரண்டிலும் கயிறு இணைத்தே வெளியே அழைத்துச் செல்ல வேண்டும். பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்வது அஞ்சும் நாய்களின் வழக்கம். தொலைபேசி எண் பொறித்த வில்லையை முதல் நாளே மாட்டிவிட வேண்டும். பால்கனிக் கம்பிகளின் இடைவெளியையும் சரிபார்ப்பது அவசியம்.

தத்தெடுக்கும் காலமும் முக்கியம். தீபாவளிக்கு முந்தைய வாரத்திலோ, பட்டாசும் மேளமும் ஒலிக்கும் வட இந்தியத் திருமண ஊர்வலக் காலத்திலோ இத்தகைய நாயை வீட்டுக்கு அழைத்து வருவதைத் தவிர்க்கலாம்.

உடல்நலமும் கடி அபாயமும்

தெருவிலிருந்து மீட்கப்பட்ட நாய்களிடம் குடற்புழுவும், உண்ணிகளால் பரவும் காய்ச்சலும் பரவலாகக் காணப்படுகின்றன. சோர்வுக்கும் உணவு மறுப்புக்கும் அச்சம் மட்டுமன்றி நோயும் காரணமாக இருக்கலாம் என்பதால், இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ரேபிஸ் தடுப்பூசி, கருத்தடை ஆகியவற்றுக்கான ஆவணங்களைக் காப்பகத்திடம் கேட்டுப் பெற வேண்டும்.

அஞ்சும் நாய் கடிக்காது என்ற எண்ணமும் தவறு. தப்பிக்க வழியின்றி ஒடுக்கப்படும்போது அது தற்காப்புக்காகக் கடிக்கக்கூடும். 2024-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடி நிகழ்வுகள் பதிவானதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்துள்ளது. அறிகுறிகள் தோன்றிய பின் ரேபிஸ் ஏறத்தாழ எப்போதும் மரணத்திலேயே முடிகிறது. ஆகவே, கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன் 11-ஆவது பிரிவின்படி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது குற்றம். எனினும் முதல் முறை குற்றத்துக்கான அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை மட்டுமே. சட்டத்தின் அச்சுறுத்தல் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், தத்தெடுப்போரின் வீட்டை நேரில் பார்ப்பது, எழுத்துமூல ஒப்பந்தம் பெறுவது, பின்னர் தொடர்ந்து விசாரிப்பது ஆகியவற்றில் காப்பகங்கள் கண்டிப்பு காட்ட வேண்டியுள்ளது. இந்தக் கேள்விகளை விண்ணப்பதாரர்கள் அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை.

குடியிருப்போர் நலச் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்ப்புக்குத் தடை விதிக்க இயலாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. வாடகை வீட்டில் வசிப்போர் உரிமையாளரின் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது, பின்னர் நாயைத் திருப்பி விடும் நிலையைத் தவிர்க்கும். மாநகராட்சியில் பதிவு செய்வதும் அவசியம். டெல்லியில் இதற்கு 1957-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் வழிவகை செய்கிறது.

பொருந்தாவிட்டால்?

எல்லா முயற்சிக்குப் பிறகும் சில இணைப்புகள் பொருந்தாமல் போகலாம். அப்போது நாயைத் தெருவில் விடாமலும், அறிமுகமற்றவரிடம் ஒப்படைக்காமலும், பெற்ற காப்பகத்திடமே திரும்ப அளிப்பதே முறையானது. நாயிடம் கண்ட மாற்றங்களையும் அச்சங்களையும் எழுதித் தந்தால், அடுத்த வீட்டைத் தேர்ந்தெடுக்க அது உதவும்.

கூச்ச நாயைத் தத்தெடுப்போர் முதல் நாளிலேயே அன்பை எதிர்பார்க்க இயலாது. பல வாரங்களுக்குப் பின் ஒருநாள் அது கட்டிலுக்கு அடியிலிருந்து தானாக வெளியே வந்து, அறையின் நடுவில் படுத்து உறங்கும். அந்த வீட்டை நாயும் ஏற்றுக்கொண்டது என்பதற்கு அதுவே அடையாளம் ஆகும்.