கை வண்டியில்... மனசு எங்கே?

"ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்லை டாக்டர். ஏதாவது சூரணம் குடுங்க!"

கள்ளக்குறிச்சியில் என் வைத்தியசாலைக்கு வழக்கமாக வரும் அம்மா அவர். நாடி பார்த்தேன், பசி, மலச்சிக்கல் எல்லாம் விசாரித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. மெல்லப் பேச்சுக் கொடுத்ததும் அழுதேவிட்டார்.

அவருடைய கணவர் ஒரு சாயங்காலம் கச்சிராயபாளையம் ரோட்டில் பைக்கில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன கரும்பு டிராக்டர் நின்றதை அவர் கவனிக்கவில்லை. இடது கால் எலும்பு முறிந்துவிட்டது.

"அந்த நேரத்துல அவர்கிட்ட போன்ல பேசினது நான்தான் டாக்டர். கொத்தமல்லி வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். அது ஒரு அவசரமா?"

கணவர் ஹெல்மெட் போட்டிருந்தார். காதில் புளூடூத். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். பிறகு எப்படி விபத்து? இங்கேதான் நம்மில் பலர் ஏமாந்து போகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவில், வண்டி ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதும் 'அபாயகரமாக ஓட்டுதல்'தான். முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் கலையாத விதத்தில் போனைப் பயன்படுத்தலாம் என்ற விதி 2020 அக்டோபரில் வந்தது.

"அப்போ கையில பிடிக்கலேன்னா தப்பில்லையே?" என்பீர்கள். சட்டத்தின் வார்த்தை கையைத்தான் சொல்கிறது. உடம்பின் சங்கதி வேறு!

கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 1997-ல் வெளியானது. போன் பேசும் நேரத்தில் விபத்துக்கான ஆபத்து சுமார் நாலு மடங்கு என்றது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் இதில் தனிப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை.

காரணம் எளிது. ஐம்பொறியோடு மனமும் சேர்ந்தால்தான் அறிவு பதியும் என்பது எங்கள் சித்த மருத்துவம். கண் டிராக்டரைப் பார்க்கும். மனசு கொத்தமல்லிக் கட்டில் இருக்கும்! பக்கத்தில் உட்கார்ந்து வருபவராவது, வெள்ளிமலை ஏறும் வளைவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துவார். போனில் பேசுபவருக்கு ரோடு தெரியாதே! 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மூன்று நொடியில் 50 மீட்டர் போய்விடும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* வாங்க வேண்டியதைக் கிளம்பும் முன்பே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

* "வண்டியில இருக்கேன்" என்று காதில் விழுந்ததும் போனை வையுங்கள்.

* ஓட்டுபவர் போனைச் சைலண்ட்டில் போட்டுப் பையில் வைக்கட்டும். ஹெல்மெட்டுக்குள் செருகுவது வேண்டவே வேண்டாம். அவசரம் என்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசலாம்.

அந்த அம்மாவுக்கு அமுக்கரா சூரணம் கொடுத்தேன். "தப்பு உங்களுது மட்டும் இல்லைம்மா. வண்டியை நிறுத்தாமப் பேசினவருக்கும் பங்கு உண்டு" என்றும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கணவர் இப்போது நடக்கிறார், வண்டியும் ஓட்டுகிறார். அவர் வெளியே கிளம்பினால் அந்த அம்மா போனைத் தொடுவதே இல்லையாம். "ஒருநாள் கொத்தமல்லி இல்லாமலே ரசம் வெச்சேன் டாக்டர். நல்லாத்தான் இருந்துச்சு!" என்றார்.